லிங்கேஜ் டிராக்: தமிழில் பிணைப்பு இழுவை

நோய் தாங்கும் தக்காளி ரகம் வந்தாலே 'காய் சிறுத்துப் போச்சு, ருசியும் இல்லை' என்ற பேச்சும் கூடவே கிளம்பும். பழி, காட்டினத்திலிருந்து கலப்பில் கொண்டுவந்த நோய் எதிர்ப்பு மரபணு மேல் விழும். பல சமயம் கெடுப்பது அதுவல்ல, அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்த காட்டு மரபணுக்கள். இதைத்தான் லிங்கேஜ் டிராக் என்கிறார்கள்.

லிங்கேஜ் என்றால், ஒரே குரோமோசோமில் நெருங்கியிருக்கும் மரபணுக்கள் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போவது. 1905இல் பேட்சன், சாண்டர்ஸ், பன்னெட் மூவரும் இனிப்புப் பட்டாணியில் பூநிறமும் மகரந்த வடிவமும் ஒன்றாக வருவதைப் பார்த்தார்கள். ஏன் அப்படி என்பதைப் பழ ஈயை வைத்து விளக்கியவர் அமெரிக்க மரபியலாளர் மார்கன். நம் பாடநூல்களில் இது 'பிணைப்பு'.

தக்காளியில் தேமல் வைரஸைத் தடுக்கும் டிஎம்-2 மரபணு, சொலானம் பெருவியானம் என்ற காட்டினத்திலிருந்து வந்தது. கூடவே வந்தது என்வி என்ற இன்னொன்று. இரு பெற்றோரிடமிருந்தும் அது வந்து சேர்ந்தால் இலை வலைபோல மஞ்சளடித்து, செடி குட்டையாகிவிடும். கலப்பில் பிறந்த செடியை நல்ல ரகத்தோடு திரும்பத் திரும்பக் கலப்பது பிற்கலப்பு. அப்படிச் செய்தால் காட்டுப் பகுதி ஒவ்வொரு முறையும் பாதியாகும். ஆறு முறையில் 99 சதவீதம் நல்ல ரகம் திரும்பிவிடும். ஏட்டுக் கணக்கு அப்படி. 1989இல் யங், டாங்க்ஸ்லி இருவரும் டிஎன்ஏ மார்க்கர் (எந்தத் துண்டு எந்தப் பெற்றோருடையது என்று காட்டும் அடையாளம்) வைத்துப் பார்த்தபோது, 11 பிற்கலப்புக்குப் பிறகும் ஒரு ரகத்தில் டிஎம்-2 இருக்கும் குரோமோசோமின் ஒரு கை (ஒரு பக்கப் பகுதி) முழுவதும் காட்டினத்துடையதாகவே இருந்தது! வேண்டிய மரபணுவைத் தேர்ந்தெடுக்கும்போதே அதன் அக்கம்பக்கத்தையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். மார்க்கர் பார்த்து, காட்டுத் துண்டு சிறுத்த செடிகளைப் பொறுக்கினால்தான் விடிவு.

டிராக்குக்குச் சிலர் 'சுமை' என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை, 'மரபுச் சுமை' வேறொரு கருத்துக்கு வழங்குகிறது. விமானவியலில் ஏற்கெனவே பழகிய 'இழுவை' போதும்: பிணைப்பு இழுவை.

எதிர்ப்பு மரபணுவே விளைச்சலைத் தின்பது தனிக் கதை. கடுகுக் குடும்பத்து அராபிடாப்சிஸ் செடியில் ஆர்பிஎம்1 மரபணு இருந்தால், நோய் தாக்காத நிலத்தில் விதை சுமார் 9 சதவீதம் குறைகிறது என்று 2003இல் காட்டினார்கள். அந்த மரபணு ஒன்றில் மட்டுமே வேறுபட்ட செடிகளை ஒப்பிட்டுக் கண்டது இது. துண்டை எவ்வளவு நறுக்கினாலும் இந்த இழப்பு போகாது.