தியரி ஆஃப் மைண்ட்: ‘மனக்கோட்பாடு’ போதுமா?

உளவியலில் வரும் ‘தியரி ஆஃப் மைண்ட்’ என்ற சொல்லை ‘மனக்கோட்பாடு’ என்று பெயர்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். படிப்பவரோ, மனத்தைப் பற்றி யாரோ ஒரு அறிஞர் வகுத்த கோட்பாடு போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். அது ஒரு திறன். எதிரில் இருப்பவர் என்ன நினைக்கிறார், எதை விரும்புகிறார், அவருக்கு எது தெரியாது என்றெல்லாம் ஊகித்தறியும் திறன்.

சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது டேவிட் பிரிமாக், கை வுட்ரஃப் இருவரும் 1978-இல் எழுதிய கட்டுரை. எட்டாத வாழைப்பழத்துக்கு ஒருவர் திண்டாடுவது போன்ற காட்சிகளை சாரா என்ற சிம்பன்சிக்குக் காட்டி, பிறகு சில படங்களைக் கொடுத்தார்கள். தீர்வு உள்ள படத்தைத்தான் அது பெரும்பாலும் எடுத்தது; அந்த ஆள் எதை விரும்புகிறார் என்று அது ஊகித்துவிட்டது என்றார்கள். அடுத்தவர் மனம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இருந்தும் அதை ஊகித்து, அவர் அடுத்து என்ன செய்வார் என்று சொல்லிவிட முடிகிறது. அதனால்தான் ‘தியரி’ என்றார்கள்.

கொடுக்கல் வாங்கலில் இந்தத் திறன் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காவிரி டெல்டாவில் அறுவடை நேரத்தில் நன்றாகப் பார்க்கலாம். அரசு கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு விலை முன்பே வைத்தாயிற்று. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதைக் கருவி சொல்லும், 40 கிலோ சிப்பமாகப் பிடித்துப் போடுவார்கள். விலையில் யார் மனத்தையும் ஊகிக்க வேண்டியதில்லை. வியாபாரி களத்துக்கே வந்துவிட்டால் நிலைமை வேறு. நெல்லைக் கையில் அள்ளிக்கொண்டே வானத்தைப் பார்க்கிறார். “மேகம் கட்டுதே அண்ணே, தார்ப்பாய் இருக்கா?” அக்கறை பாதி, ஆழம் பார்ப்பது பாதி. அறுப்பு மிஷின் வாடகைக்குக் காசு வேண்டும் என்று விவசாயி இன்றைக்கே தள்ளிவிடத் துடிப்பாரா என்று தெரிய வேண்டும் வியாபாரிக்கு. “இருக்கு தம்பி, ரெண்டு நாள் பொறுத்து நிலையத்துலயே போட்டுக்கறேன்” என்கிறார் விவசாயி. ரோட்டோரம் காலி லாரி நிற்பதை அவர் கவனித்துவிட்டார். வெறும் லாரி திரும்பினால் நஷ்டம் யாருக்கு என்று அவருக்குத் தெரியும். அவருக்கு அது தெரியும் என்பது வியாபாரிக்கும் தெரியும்.

மனிதரோடு பேரம், விதியோடு பரிமாற்றம் என்ற இந்த வேறுபாட்டைத்தான் மூளை ஆய்வாளர்களும் பிடித்துக்கொண்டார்கள். 2001-இல் கெவின் மெக்கேப், வெர்னான் ஸ்மித் முதலியோர், எதிராளியை நம்பிப் பணத்தை விட்டுக்கொடுக்கும் ஒரு விளையாட்டை ஆடவிட்டு மூளையை ஸ்கேன் செய்தார்கள். எதிராளி சில சமயம் மனிதர், சில சமயம் வகுத்த விதிப்படி ஆடும் கணினி. ஒத்துழைத்து ஆடியவர்களுக்கு, எதிரில் மனிதர் என்றபோது மூளையின் முன்நெற்றிப் பகுதி கூடுதலாக இயங்கியது. ஒத்துழைக்காதவர்களிடம் அந்த வேறுபாடு குறிப்பிடும்படி இல்லை. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த இரண்டாம் பாதிதான்: மனிதரோடு ஆடும்போதும் எல்லோரும் ஒரே அளவுக்கு எதிராளியின் மனத்துக்குள் போய்ப் பார்ப்பதில்லை.

2009-இல் கோரிசெல்லி, நாகெல் இருவரும் செய்த சோதனையில் 0 முதல் 100-க்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். எல்லோரும் சொன்ன எண்களின் சராசரியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மிக அருகில் வருபவருக்கு வெற்றி. மற்றவர்கள் மனம்போனபடி சொன்னால் சராசரி 50 வரும், நான் 33 சொல்லலாம். அவர்களும் இப்படியே கணக்குப் போட்டால் 22-க்கு இறங்க வேண்டும். இப்படி அடுத்த படிக்கும் யோசித்தவர்களிடம், நெற்றிக்குப் பின்னே மூளையின் நடுக்கோட்டை ஒட்டிய பகுதி அதிகம் இயங்கியது.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? உடனே நினைவுக்கு வருவது ‘குறிப்பறிதல்’. திருக்குறளில் இந்தப் பெயரில் இரண்டு அதிகாரங்கள் உண்டு: பொருட்பாலில் 71, காமத்துப்பாலில் 110. அரசவைக்கும் காதலுக்கும் ஒரே சொல்லை வைத்தது எனக்கு இன்றும் வியப்பு. ஆனால் குறிப்பு என்பது முகத்திலும் கண்ணிலும் தெரிவது. 33-லிருந்து 22-க்கு இறங்குபவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. ‘ஆழம் பார்த்தல்’ உயிருள்ள வழக்குதான், ஆனால் அதில் சூதின் வாடை வீசுகிறது.

‘உய்த்துணர்தல்’ இன்னும் பொருந்தும். வெளிப்படச் சொல்லாததை ஆராய்ந்து அறிவது என்று பொருள். நன்னூலின் 32 உத்திகளில் கடைசி ‘உய்த்துணர வைப்பு’. ஆகவே ‘தியரி ஆஃப் மைண்ட்’ என்ற திறனுக்கு ‘மன உய்த்துணர்வு’ என்றும், அந்தத் திறனைக் கொண்டு ஊகிக்கும் ‘மென்டலைசிங்’ என்ற செயலுக்கு ‘மனம் உய்த்துணர்தல்’ என்றும் எழுதுவதே என் பரிந்துரை. முகம் பார்த்து அறியும் இடத்துக்கு மட்டும் ‘குறிப்பறிதல்’ இருக்கட்டும். ‘மனக்கோட்பாடு’ என்பதை, மனம் என்றால் என்ன என்று தத்துவவாதிகள் வகுத்த கொள்கைகளுக்கு விட்டுவிடலாம்.