கேம்பெய்ன்: பிரசாரம் அல்ல, படைச்செலவு

'நெப்போலியனின் ரஷ்யப் பிரசாரம்' என்ற தொடரைத் தமிழில் பல இடங்களில் படித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் மனசு உறுத்தும். 1812 ஜூனில் நீமன் ஆற்றைத் தாண்டி ரஷ்யாவுக்குள் நுழைந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர்கள் எந்தக் கருத்தையும் பரப்பப் போகவில்லை. நடந்தார்கள், பட்டினி கிடந்தார்கள், பனியில் விழுந்தார்கள். கேம்பெய்ன் என்றால் பிரசாரம் என்று தேர்தல் செய்திகளில் பழகிவிட்டோம். அதே சொல் போர் வரலாற்றில் வரும்போதும் கை தானாகப் பிரசாரம் என்று எழுதிவிடுகிறது.

நெப்போலியன் காலத்துப் போர்களைச் சிறு பொம்மைப் படைகளை வைத்து வீட்டு மேசையில் தனியாக ஆடிப்பார்ப்பவன் நான். எனக்கு இந்தச் சொல் கிட்டத்தட்ட தினமும் தேவைப்படுகிறது. அதனால்தான் இதற்குச் சரியான தமிழ் எது என்று தேட ஆரம்பித்தேன்.

முதலில் பொருள். பொம்மைப் போர் ஆடுபவர்கள் சண்டை வேறு, கேம்பெய்ன் வேறு என்று தெளிவாகப் பிரித்துப் பேசுவார்கள். ஒரு மாலை மேசையில் இரண்டு படைகளை நிறுத்தி, பகடை உருட்டி, யார் வென்றார் என்று பார்த்துவிட்டுப் பெட்டியில் எடுத்து வைத்தால் அது சண்டை. அடுத்த வாரம் எல்லாப் பொம்மைகளும் புதிதாக எழுந்து நிற்கும். கேம்பெய்னில் அப்படி நடக்காது. ஒரு நிலப்படம் இருக்கும். அதில் சாலைகள், பாலங்கள், கிடங்குகள். படைகள் நாளுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று நகரும். எங்கே, எப்போது, எத்தனை பேரோடு சந்திக்கிறார்களோ, அந்தச் சண்டைதான் மேசைக்கு வரும். இன்று விழுந்த பொம்மை நாளை திரும்பாது. வெல்வதற்காக எல்லாரையும் பலி கொடுத்தவன் மறுநாள் காலை வெறும் கையோடு நிற்பான்.

சொல் எங்கிருந்து வந்தது? லத்தீனில் கம்பூஸ் என்றால் சமவெளி, திறந்த வெளி. பழைய ரோமில் படைப்பயிற்சி நடந்த திடலுக்குக் கம்பூஸ் மார்ட்டியூஸ், அதாவது போர்க்கடவுள் மார்ஸின் திடல், என்று பெயர். அதிலிருந்து கம்பானியா என்ற சொல் பிறந்து, இத்தாலியிலும் பிரான்சிலும் புழங்கி, 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. பிரெஞ்சில் இன்றும் அந்தச் சொல்லுக்கு நாட்டுப்புறம் என்ற பொருள் உண்டு. பனிக்காலத்தில் ஐரோப்பியப் படைகள் ஊர்களில் அடைந்து கிடக்கும். புல் முளைத்துக் குதிரைக்குத் தீனி கிடைத்ததும் வெளிநிலத்தில் இறங்கும். படை அப்படி வெளியில் இருக்கும் காலம்தான் கேம்பெய்ன். பிறகுதான் அது ஒரே நோக்கத்தோடு நடக்கும் படை நடவடிக்கைகளின் தொகுப்பு என்று விரிந்தது. தேர்தலுக்கும் விளம்பரத்துக்கும் போனது அதற்கும் பின்னால், உவமையாக. நாமோ உவமைக்கு வைத்த தமிழை எடுத்து மூலப் பொருளின் தலையில் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

கேம்ப், கேம்பஸ், சாம்பியன் எல்லாம் இதே வேரில் வந்தவை. பிரான்சின் ஷாம்பெயின் மாகாணமும் அப்படித்தான். திறந்த சமவெளி என்பதால் வந்த பெயர். 1814 பிப்ரவரியில் நெப்போலியன் ஆறே நாளில் நடத்திய மிகக் கூர்மையான கேம்பெய்ன் நடந்தது அந்த மண்ணில்தான். இதைக் கண்டுகொண்ட நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

சரி, தமிழுக்கு வருவோம். பெரும்பாலோர் எழுதுவது 'படையெடுப்பு'. 1812க்கு இது பொருந்தும். 1814க்குப் பொருந்தவே பொருந்தாது. அப்போது படையெடுத்து வந்தவர்கள் பிரஷ்யர்களும் ரஷ்யர்களும் ஆஸ்திரியர்களும். நெப்போலியன் தன் நாட்டுக்குள்ளேயே ஓடி ஓடித் தடுத்தவர். சொந்த ஊரின் மேல் யாரும் படையெடுப்பதில்லை. 'போர்த்தொடர்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது சண்டைகளை மட்டும் எண்ணுகிறது. 1805இல் நெப்போலியன் ஆங்கிலக் கால்வாய்க் கரையிலிருந்து தன் படைகளைத் திருப்பி, ரைன் ஆற்றைக் கடந்து, ஆஸ்திரியத் தளபதி மாக்கின் பின்பக்கம் போய் நின்றார். அக்டோபர் 20 அன்று உல்ம் கோட்டையில் மாக் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களோடு சரணடைந்தார். வழியில் சில மோதல்கள் நடந்தன, உண்மைதான். ஆனால் வெற்றி நடையில் கிடைத்தது. இதைப் 'போர்த்தொடர்' என்று சொன்னால் அந்த நடை காணாமல் போகிறது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் வாட்டர்லூவும் போர், இரண்டாம் உலகப் போரும் போர். ஒரு பகல் சண்டைக்கும் ஆறு வருட அழிவுக்கும் ஒரே சொல். ஈழத்து எழுத்தில் ஒரு களச் சண்டையைச் 'சமர்' என்று தனியாகச் சொல்லும் வழக்கு நன்றாக வேரூன்றியிருக்கிறது. நாமும் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். வாட்டர்லூ சமர், நெப்போலியன் காலப் போர்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் நாம் தேடுவது.

அந்த நடுப்பொருளைத் தமிழ் என்றோ பிரித்து வைத்திருக்கிறது. பள்ளியில் படித்த வெண்பா நினைவிருக்கும். வட்கார் மேல் செல்வது வஞ்சி. அதிரப் பொருவது தும்பை. பகைவர்மேல் செல்வது ஒரு திணை, களத்தில் மோதுவது வேறு திணை. கேம்பெய்ன், சமர் என்ற பிரிவு இதுதான். தொல்காப்பியம் வஞ்சியை 'எஞ்சா மண்நசை வேந்தனை வேந்தன் அஞ்சுதகத் தலைச்சென்று அடல் குறித்தன்று' என்கிறது. மண்ணாசை தீராத வேந்தன்மேல் இன்னொரு வேந்தன் அஞ்சும்படி சென்று பொர நினைப்பது. 1814ஐ இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

அதற்கடுத்து வரும் வஞ்சித் துறைகளைப் படியுங்கள். இயங்குபடை அரவம்: நகரும் படையின் ஓசை. எரிபரந்து எடுத்தல்: பகைநாட்டைக் கொளுத்துதல். பெருஞ்சோற்று நிலை: படைக்கு வேந்தன் சோறு அளித்தல். தழிஞ்சி: புண்பட்டவர்களைத் தழுவிப் பேணுதல். நடை, நாசம், உணவு, காயம்பட்டோர். ஒரு கேம்பெய்ன் ஆட்டத்துக்கு விதி எழுத உட்காருபவன் முதலில் யோசிக்க வேண்டியவை இவைதாம். 'வருவிசைப் புனலைக் கற்சிறை போல ஒருவன் தாங்கிய பெருமை' என்றும் ஒரு துறை உண்டு. பாய்ந்து வரும் வெள்ளத்தைக் கல்லணை தடுப்பதுபோல் தனியாக நின்று தாங்குவது. 1814 பிப்ரவரி 10 அன்று ஷாம்போபேர் என்ற ஊரில் சில ஆயிரம் ரஷ்யர்களோடு நெப்போலியனின் முழு வேகத்தையும் தாங்க முயன்று, கடைசியில் பிடிபட்ட தளபதி ஒல்சூஃபியேவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வரிதான் வரும்.

தொல்காப்பியர் வஞ்சியை முல்லைக்குப் புறமாக வைத்தார். முல்லையின் உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்திருத்தல். ஒரு கேம்பெய்னை ஆடிப்பார்த்தவருக்கு இது உடனே புரியும். பாதி நேரம் பாசறையில் செய்திக்காகக் காத்திருப்பதுதான் வேலை.

வஞ்சி என்பதையே கலைச்சொல்லாக வைத்துக்கொள்ளலாமா என்றால், வேண்டாம் என்பேன். ஊரின் பெயர், கொடியின் பெயர், பெண்ணுக்கு ஆகுபெயர் என்று அதற்கு ஏற்கெனவே சுமை அதிகம். ஆனால் அந்த வெண்பாவின் வினையை எடுத்துக்கொள்ளலாம். செல்வது, செலவு. பழந்தமிழில் செலவு என்றால் பயணம், போக்கு. ஆகவே படைச்செலவு. படையெடுத்து வந்தவருக்கும் பொருந்தும், தடுத்தவருக்கும் பொருந்தும். சண்டை நடந்தாலும் நடக்காவிட்டாலும் பொருந்தும். உல்ம் படைச்செலவு, ரஷ்யப் படைச்செலவு, ஆறு நாள் படைச்செலவு. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நன்றாகவே உட்காருகிறது.

தனியாக ஆடுவதில் ஒரு கேள்வி எப்போதும் வரும். எதிரி யார்? 1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர் ஆட்டத்தில் இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஒரு நடுவர் இருந்தார். யாருக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை அவர் கையில் வைத்திருந்தார். வீட்டில் நடுவர் கிடையாது. அந்த இடத்தில் பகடையும் துண்டுச் சீட்டும் தீப்பெட்டியும் உட்காருகின்றன. தீப்பெட்டி முறை இந்த ஆட்டக்காரர்களிடம் பல காலமாக இருப்பது. நிலப்படத்தைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒன்றாகக் காலித் தீப்பெட்டிகளை ஒட்டிவிட வேண்டும். என்னுடையது எட்டுக்கு ஆறு, மொத்தம் 48 பெட்டிகள். எதிரிப் படைகளின் பெயர்களைச் சீட்டில் எழுதி, வெற்றுச் சீட்டுகளோடு கலந்து, பார்க்காமல் பெட்டிகளில் போடுவேன். என் குதிரைப்படை ஒரு கட்டத்துக்குள் நுழையும்போதுதான் அந்த உள்பெட்டியை விரலால் தள்ளித் திறக்கலாம். அட்டை உரசும் அந்தச் சின்னச் சத்தத்தில் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பெட்டி காலியாக இருந்தால் நிம்மதி வராது. அப்படியானால் அவன் எங்கே என்ற பயம்தான் வரும்.

போன மழைக்காலத்தில் ஆறு நாள் படைச்செலவை ஆடினேன். பிரஷ்யத் தளபதி ப்ளூகரின் பிரஷ்ய, ரஷ்யப் படை மார்ன் ஆற்றை ஒட்டி நீளமாகச் சிதறிக் கிடந்தது. நெப்போலியன் சுமார் முப்பதாயிரம் பேரோடு சேற்று வழியில் வந்து அதன் இடுப்பில் அடித்தார். ஷாம்போபேர், மறுநாள் மோன்மிராய், அதற்கு மறுநாள் ஷாட்டோ தியெரி, 14ஆம் தேதி வோஷாம். மோன்மிராய்க்கு முன் ரஷ்யத் தளபதி சாக்கனுக்கு என்ன வழிகள் என்று ஒரு தாளில் எழுதினேன். வந்த சாலையிலேயே திரும்பி மோதுவது, வடக்கே போய் ப்ளூகரின் இன்னொரு தளபதியான யார்க்கின் படையோடு சேர்வது, அசையாமல் நிற்பது. பகடையில் 1 முதல் 3 வரை முதல் வழி, 4, 5 இரண்டாவது, 6 மூன்றாவது. வரலாற்றில் சாக்கன் திரும்பி மோதித் தோற்றார். எனக்கு 4 விழுந்தது. என் மேசையில் மோன்மிராய் சமரே நடக்கவில்லை. சாக்கனும் யார்க்கும் ஷாட்டோ தியெரி பாலத்தருகே முழுப் பலத்தோடு சேர்ந்து நின்றார்கள். அன்று ஒரு பொம்மையும் பெட்டியிலிருந்து வெளியே வரவில்லை. ஆனால் அந்த ஆட்டத்தில் நான் அதிகம் யோசித்த நாள் அதுதான்.

மற்ற சொற்களையும் தொட்டுவிடுகிறேன். மினியேச்சர் என்பதைச் 'சின்னது' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லோடு சேர்த்துப் பலர் நினைக்கிறார்கள். அது மினியும் என்பதிலிருந்து வந்தது. மினியும் என்றால் ஈயத்திலிருந்து எடுக்கும் சிந்தூரம். பழைய ஏடுகளில் சிந்தூரத்தால் எழுத்தை அழகுசெய்ததிலிருந்து, ஏட்டுக்குள் வரையும் சிறு படத்துக்கும், பிறகு எந்தச் சிறு வடிவத்துக்கும் பெயராயிற்று. ஈயத்தில் பிறந்த சொல் ஈயத்தில் வார்த்த சிப்பாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறது. தமிழில் இதற்குப் 'படைப்பொம்மை' போதும், புதிதாக எதுவும் கட்ட வேண்டாம். முன்னே போகும் படைக்குத் தூசிப்படை, பின்னே வருவதற்குக் கூழை. இரண்டும் பழைய நல்ல சொற்கள். படை தங்கும் இடத்துக்குப் பாசறை. பாளையம், தண்டு என்றாலும் அதேதான். கோவைத் தண்டுமாரியம்மன் பெயரில் இருப்பது அந்தத் தண்டு.

படைச்செலவு என்று சொன்னதும் ஒரு நண்பர், 'பட்ஜெட் மாதிரி இருக்கிறதே' என்றார். பணம் போவதைச் செலவு என்று நாம் சொல்வதும் அதே 'செல்' என்ற வேரில்தான். கையை விட்டுப் போவது செலவு. என் ஆட்டக் குறிப்பேட்டில் இப்போது அந்த ஒரே தலைப்புதான் இருக்கிறது. அதன் கீழே நடையையும் எழுதுகிறேன், இழப்பையும் எழுதுகிறேன். ஒரு பொம்மை முப்பது பேருக்குச் சமம் என்பது என் கணக்கு. பழைய காவல்படை என்பது நெப்போலியனின் தேர்ந்த வீரர்கள் கொண்ட படை. பிப்ரவரி 12ஆம் தேதிப் பக்கம் இப்படி இருக்கிறது:

செலவு. பழைய காவல்படை, மோன்மிராயிலிருந்து ஷாட்டோ தியெரி வரை, சேறு. குதிரைப்படை முன்னே, பீரங்கி வந்து சேரவில்லை. மூன்று பொம்மை.