ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் முன்: மாற்றுத்திறனாளிக் குழந்தையின் பெற்றோருக்கு என்னென்ன கிடைக்கும்?

முதலில் கசப்பான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேலையை விடும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ, போன சம்பளத்துக்கு ஈடாக மாதாமாதம் பணம் தரும் திட்டம் நம் நாட்டில் கிடையாது. ஆனால் ஒன்றுமே கிடைக்காது என்பதும் உண்மையில்லை. பணம் நாலைந்து இடங்களில் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொன்றும் வேறு வேறு துறையிடம், வேறு வேறு பெயரில் இருக்கிறது. பெரும்பாலும் அது குழந்தையின் பெயரில்தான் வரும், பார்த்துக்கொள்பவரின் பெயரில் வராது. இந்த வித்தியாசம் தெரியாமல் போனதால் நான் இழந்தது கொஞ்சமல்ல.

என் மகனுக்கு மூளை முடக்குவாதம். அவனுக்கு மூன்று வயதானபோது நான் வேலை பார்த்த தனியார் பள்ளியில் ஒரே நாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அப்போது நான்கு ஆண்டும் பத்து மாதமும் முடித்திருந்தேன். ஐந்து ஆண்டு ஆகாததால் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, வராது என்று சொல்லி அனுப்பினார்கள். நானும் நம்பிவிட்டேன். ஐந்தாவது ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே அது முழு ஆண்டாகக் கணக்கில் வரும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எனக்கு அது தெரிய வந்தபோது காலம் கடந்திருந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரையை உதவித்தொகையில் தொடங்காமல் ராஜினாமாவில் தொடங்குகிறேன்.

வேலையை விடும் முன்

மத்திய அரசு ஊழியர் என்றால் தயவுசெய்து அவசரப்பட்டு ராஜினாமா செய்யாதீர்கள். மத்தியக் குடிமைப் பணி விடுப்பு விதிகளில் 43-சி என்று ஒரு விதி இருக்கிறது. குழந்தை பராமரிப்பு விடுப்பு என்பது இதுதான். பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள். முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365 நாளுக்கு 80 சதவீதம். மற்றக் குழந்தைகளுக்கு 18 வயது வரைதான் இந்த விடுப்பு. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்புள்ள குழந்தைக்கு வயது வரம்பே இல்லை. முன்பு 22 வயது வரை என்று இருந்ததை 2018-இல் எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டில் இன்னொரு மாற்றமும் வந்தது. மனைவியை இழந்தவர், மணமுறிவானவர், திருமணமாகாதவர் என்று தனியாகக் குழந்தையை வளர்க்கும் அப்பாக்களும் இந்த விடுப்பைக் கேட்கலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு தடவைக்குக் குறைந்தது ஐந்து நாளாவது எடுக்க வேண்டும், ஓர் ஆண்டில் மூன்று முறைக்கு மேல் எடுக்க முடியாது. தனித்து வாழும் பெண் ஊழியருக்கு மட்டும் ஆறு முறை. ஆகவே வாரம் இரண்டு நாள் தெரபிக்குக் கூட்டிப்போக இது உதவாது. அறுவை சிகிச்சை, அதற்குப் பிறகான மாதங்கள், புதிய பள்ளியில் சேர்த்துப் பழக்கும் காலம் போன்றவற்றுக்குத்தான் பொருந்தும். அப்படித் திட்டமிட்டு எடுத்தால் இரண்டு ஆண்டுச் சம்பளம் கையை விட்டுப் போகாது. கேட்டவுடன் தந்தே ஆக வேண்டிய விடுப்பு இல்லை, முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். இடமாற்றத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. மாற்றுத்திறனாளிப் பிள்ளையைப் பராமரிக்கும் ஊழியருக்குச் சுழற்சி முறை இடமாற்றத்திலிருந்து விலக்குத் தரலாம் என்று மத்தியப் பணியாளர் துறை 2014-லேயே குறிப்பாணை வெளியிட்டிருக்கிறது.

மாநில அரசு ஊழியர்களுக்கு இந்த விதி தானாக வந்துவிடாது. அந்தந்த மாநிலம் ஏற்க வேண்டும். இமாச்சலப் பிரதேசம் ஏற்காமல் இருந்தபோது, அங்குள்ள அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர் ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். அவருடைய மகனுக்கு எலும்பு எளிதில் நொறுங்கும் மரபணு நோய். திரும்பத் திரும்ப அறுவை சிகிச்சை செய்ததில் அவருக்கிருந்த விடுப்பெல்லாம் தீர்ந்துவிட்டது. 2024 ஏப்ரல் 22 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி பர்திவாலா அமர்வு, பெண்கள் வேலையில் பங்கேற்பது சலுகையல்ல, அரசியலமைப்பு தரும் உரிமை என்று சொன்னது. குழந்தை பராமரிப்பு விடுப்பு இல்லாவிட்டால் ஒரு தாய் வேலையையே விட வேண்டியதாகிவிடும் என்றும் சொன்னது. தலைமைச் செயலாளர் தலைமையில் குழு அமைத்து மறுபரிசீலனை செய்யும்படி அந்த மாநிலத்துக்கு உத்தரவிட்டது. அது இமாச்சலத்துக்கு இட்ட உத்தரவுதான். ஆனாலும் உங்கள் துறையில் எழுத்து மூலமாகக் கேட்கும்போது அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

தனியார் வேலையில் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு விடுப்பைச் சட்டம் தரவில்லை. மகப்பேறு விடுப்பு 26 வாரத்தோடு முடிந்துவிடுகிறது. ஆகவே வெளியேறும்போது வர வேண்டியதைச் சரியாக வாங்குவதுதான் கையில் உள்ள வழி. கிராஜுவிட்டிக் கணக்கு எளிது. கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வேலை செய்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். மாதம் 18,000 ரூபாய் என்று வைத்தால் ஐந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 52,000 ரூபாய். அது குழந்தையின் பல மாதத் தெரபிச் செலவு. நாள் கணக்கைப் பார்த்துவிட்டுத் தேதி போடுங்கள்.

பி.எஃப். பணத்திலும் ஒரு எச்சரிக்கை. கைச்செலவுக்கு என்று பென்ஷன் பகுதியையும் சேர்த்து எடுத்துவிடுகிறோம். பத்து ஆண்டுப் பணி சேர்ந்தால்தான் பென்ஷன். பிறகு மீண்டும் வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் எடுக்காமல், பணிக்காலத்தைக் காட்டும் ஸ்கீம் சான்றிதழை வாங்கி வையுங்கள். நம்மைப் போன்றவர்களுக்கு இதில் இன்னொரு காரணமும் இருக்கிறது. உறுப்பினர் இறந்தால், நிரந்தரமாக முழுமையாக இயலாத பிள்ளைக்கு வயது வரம்பில்லாமல் வாழ்நாள் முழுவதும் பென்ஷன் தர, பி.எஃப்.-இன் 1995-ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் இடமுண்டு.

40, 75, 80

வீட்டில் இருக்கும் மாற்றுத்திறனாளிச் சான்றிதழை எடுத்து அதிலுள்ள சதவீதத்தைப் பாருங்கள். எல்லாம் அந்த எண்ணில்தான் நிற்கிறது. 40 இருந்தால் சட்டப்படியான பெரும்பாலான சலுகைகளுக்குக் கதவு திறக்கும். தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கான உதவித்தொகைக்கு 75 வேண்டும். வருமான வரியில் பெரிய கழிவுக்கு 80.

தமிழ்நாடு அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகைதான் நமக்கு முதன்மையானது. 1,500 ரூபாயாக இருந்தது 2023-இல் மாதம் 2,000 ரூபாயானது. அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு நோய், முதுகுத் தண்டுவடப் பாதிப்பு போன்ற நாள்பட்ட நரம்பியல் பாதிப்பு, தொழுநோய்ப் பாதிப்பு ஆகியவற்றுக்கு 40 சதவீதம் போதும். கை, கால் பாதிப்பு மட்டும் என்றால் கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் பிரிவில்தான் வரும், அதற்கு 75 வேண்டும். வருமான வரம்பு கிடையாது. "உங்க வீட்டுக்காரர் சம்பாதிக்கிறாரே" என்று யாராவது திருப்பி அனுப்பினால், அப்படி ஒரு விதி இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

இங்கேதான் பல பெற்றோர் தவறவிடுகிறார்கள். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு உடல் பாதிப்பு 60 அல்லது 70 சதவீதம் என்று எழுதியிருப்பார்கள். கூடவே அறிவுசார் குறைபாடும் இருந்தும் சான்றிதழில் அது ஏறியிருக்காது. எலும்பு மருத்துவர் மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பார். குழந்தையை மனநல மருத்துவரோ உளவியலாளரோ சோதித்து அதையும் பதிவு செய்தால், 75-ஐ எட்டாத குழந்தைக்கும் 40 என்ற கணக்கில் வழி திறக்கலாம். இல்லாத குறையை எழுதச் சொல்லவில்லை. இருப்பது முழுவதும் எழுத்தில் வர வேண்டும் என்கிறேன்.

விண்ணப்பிக்கும் இடம், ஆட்சியர் அலுவலக வளாகத்திலோ அதை ஒட்டியோ இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். அடையாள அட்டை, யுடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை, ஆதார், ரேஷன் கார்டு, புகைப்படம், குழந்தையின் பெயரில் உள்ள வங்கிப் புத்தகத்தின் நகல் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். வங்கிக் கணக்கை அம்மாவோடு சேர்ந்த கூட்டுக் கணக்காகத் தொடங்குங்கள். சின்னக் குழந்தைகளுக்குத் தற்காலிகச் சான்றிதழ்தான் தருவார்கள், அதற்கு முடிவுத் தேதி இருக்கும். அந்தத் தேதிக்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள், உதவித்தொகை நின்ற பிறகு அலைவது பெரும்பாடு.

படுத்த படுக்கையாக இருக்கும், எதற்கும் துணை வேண்டியிருக்கும் பிள்ளை என்றால் இன்னொன்றும் கேளுங்கள். அதிக உதவி தேவைப்படுவோர் உதவியாளர் வைத்துக்கொள்ள மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டமும் இதே துறையில் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 24-ஆம் பிரிவில், பராமரிப்பாளர் படி என்று இதைத் தனியாகவே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் அந்தப் பிரிவிலும் படி மாற்றுத்திறனாளிக்குத்தான். இரவில் மூன்று முறை எழுந்து பிள்ளையைப் புரட்டிப் படுக்க வைக்கும் அம்மாவின் பெயர் எந்தப் படிவத்திலும் பயனாளி என்ற கட்டத்தில் வருவதில்லை. கேரளத்தின் ஆசுவாசகிரணம் திட்டம் பராமரிப்பவரையே பயனாளியாக வைத்துத் தொடங்கப்பட்டது. மாதம் 600 ரூபாய் என்ற சின்னத் தொகைதான், வருமான வரம்பும் உண்டு. ஆனாலும் அந்தப் பணம் யாருடைய உழைப்புக்கு என்பதில் குழப்பமில்லை. தமிழ்நாட்டுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அம்மாவின் பெயரில் வருவது

2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாய். இது நேராக அம்மாவின் கணக்குக்கு வரும். வீட்டில் யாராவது அரசு ஓய்வூதியம் வாங்கினால் இது கிடைக்காது என்ற விதியைக் கேட்டுவிட்டு, நம் பெற்றோர் பலர் விண்ணப்பிக்காமலே விட்டார்கள். கடுமையான பாதிப்புக்காகப் பராமரிப்பு உதவித்தொகை பெறும் பிள்ளை உள்ள குடும்பத்துக்கு அந்த விதியிலிருந்து விலக்கு இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்பது போன்ற மற்ற வரம்புகள் பொருந்தினால் போதும். "பையனுக்குத்தான் வருதே, உங்களுக்கு எதுக்கு" என்று யாராவது கேட்டால் இந்த விலக்கைச் சொல்லுங்கள்.

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் தாய்மாருக்கு மோட்டார் பொருத்திய தையல் இயந்திரமும் மாற்றுத்திறனாளிகள் துறை தருகிறது. தைக்கத் தெரிந்தவர்களுக்கு நல்ல உதவி, பிள்ளை பக்கத்தில் இருக்க வேலையும் நடக்கும்.

செலவைக் குறைப்பவை

ஒருவர் சம்பளம் நின்றுவிட்டால், மற்றவர் சம்பளத்திலிருந்து வெளியே போவதைக் குறைக்கத்தான் வேண்டும். மாற்றுத்திறனாளியைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கு 80டிடி என்று பழகிய வருமான வரிக் கழிவு இதற்குத்தான். 40 சதவீதத்துக்கு 75,000 ரூபாய், 80 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000 ரூபாய். எவ்வளவு செலவு செய்தீர்கள் என்ற ரசீதைப் பொறுத்து இது மாறாது. 20 சதவீத வரி கட்டுபவருக்கு 1,25,000 கழிந்தால் செஸ்ஸும் சேர்த்து 26,000 ரூபாய் மிச்சம். பழைய வரிமுறையில் மட்டும்தான் இது உண்டு. அலுவலகத்தில் கேட்காமலே புதிய முறையில் போட்டுவிடுவார்கள், இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைப் பாதிப்பு ஆகிய நான்குக்கும் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு இருக்கிறது. சில நூறு ரூபாய் கட்டினால் ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை காப்பீடு. மருத்துவமனையில் படுக்காமல் வெளிநோயாளியாக எடுக்கும் தெரபிக்கும் அதில் ஓர் அளவு வரை பணம் திரும்பக் கிடைக்கும். சாதாரணக் காப்பீடுகள் தொடாத செலவு அது. ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். ரயிலில் துணையில்லாமல் போக முடியாத பிள்ளைக்கும் கூட வருபவருக்கும் இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வசதிப் பெட்டியிலும் 75 சதவீதச் சலுகை. மருத்துவமனைக்காகச் சென்னைக்கும் வேலூருக்கும் அலைபவர்களுக்கு அது பெரிய தொகை.

பிள்ளைக்கு 17 வயது நடக்கும்போதே ஒரு வேலையைத் தொடங்கிவிட வேண்டும். 18 முடிந்தால் சட்டப்படி அவன் பெரியவன். அதுவரை நீங்கள் கையெழுத்துப் போட்டு எடுத்த வங்கிக் கணக்கில் சிக்கல் வரும். மேலே சொன்ன நான்கு வகைப் பாதிப்பு உள்ளவர்களுக்கு, 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி பெற்றோரே சட்டப்பூர்வக் காப்பாளராக நியமனம் பெறலாம். ஆட்சியர் தலைமையில் ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ளூர் அளவிலான குழு ஒன்று இருக்கிறது. பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவரும், மாற்றுத்திறனாளி ஒருவரும் அதில் உறுப்பினர்கள். நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. உதவித்தொகைக்கு விண்ணப்பித்த அதே அலுவலகத்தில் போய்க் கேட்டால், குழு அடுத்து எப்போது கூடுகிறது என்று சொல்வார்கள்.