வெள்ளரிக்காய்க்கு மட்டும் வாய் திறக்கும் ஆமை

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருந்த கேள்வி இது: "பேரன் சென்னையில் வளர்த்த ஆமையை எங்களிடம் விட்டுவிட்டு வேலைக்கு வெளிநாடு போய்விட்டான். வெள்ளரிக்காய், தக்காளி என்றால் விறுவிறுவென்று வருகிறது. அருகம்புல் போட்டால் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மாட்டு டாக்டரோ புல்தான் போட வேண்டும் என்கிறார். ரெண்டு நாள் பட்டினி போட்டால் வழிக்கு வருமா?"

வராது ஆச்சி. பட்டினிப் போட்டியில் ஆமையை நாம் ஜெயிக்க முடியாது. நாம் சாப்பிடுவதில் பெரும்பங்கு உடம்பைச் சூடாக வைத்திருக்கவே செலவாகிறது. ஆமைக்கு அந்தச் செலவு கிடையாது, வெயிலிலிருந்து இலவசமாக வாங்கிக்கொள்கிறது. ஆரோக்கியமான ஆமை நாள்கணக்கில் சாப்பிடாமல் சும்மா உட்கார்ந்திருக்கும். அதற்குள் மனசு கேட்காமல் நாமே வெள்ளரிக்காயை நறுக்கிக்கொண்டு போய் நிற்போம்.

ஆச்சி அனுப்பிய படத்தில் இருப்பது சல்கேட்டா என்ற ஆப்பிரிக்க ஆமை. சகாராவின் தென்விளிம்பில் காய்ந்த புல்லைத் தின்று வாழும் இனம். ஆண் ஆமை நன்றாக வளர்ந்தால் 50 கிலோவைத் தாண்டும், பேரன் இதை யோசித்திருப்பானா என்பது சந்தேகம்தான். வெளிநாட்டு இனம் என்பதால் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும், செய்திருக்கிறார்கள், நல்லது. நம் முட்காடுகளில் வாழும் நட்சத்திர ஆமையாக இருந்தால் வீட்டில் வைத்திருப்பதே குற்றம். டாக்டர் சொன்னதும் சரி. வெள்ளரி ஏறக்குறைய முழுக்கத் தண்ணீர். தக்காளியில் கால்சியத்தைவிட பாஸ்பரஸ் அதிகம். ஓடு வளர்க்கக் கால்சியம் வேண்டிய பிராணிக்கு அது நேர் எதிர்.

ஆச்சி கவனித்ததில் முக்கியமானது ஆமை மோந்து பார்ப்பது. அடுத்த முறை புல்லை வைக்கும்போது அதன் தொண்டையைப் பாருங்கள். மேலும் கீழும் ஏறி இறங்கும். மூச்சு விடுகிறது என்றுதான் எல்லோரும் நினைப்போம். தவளையாக இருந்தால் அது சரி, தவளை தொண்டையால்தான் நுரையீரலுக்குள் காற்றைத் தள்ளுகிறது. ஆமையின் கதை வேறு. அதன் விலா எலும்புகள் ஓட்டோடு ஒட்டிப்போனவை, மார்பை விரிக்க வழியில்லை. அதனால் கால்களுக்குப் பக்கத்திலும் வயிற்றிலும் இருக்கும் தசைகளை இழுத்தும் தளர்த்தியும் மூச்சு விடுகிறது. தொண்டை ஏறி இறங்குவது மூக்குக்காக. ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் காற்று மூக்கறைக்குள் வந்து போகிறது. எதிரே இருப்பது சாப்பாடா இல்லையா என்ற விசாரணை அங்கே நடக்கிறது.

வாசனை மூலக்கூறு மூக்கின் ஈரப்படலத்தில் கரைந்து, அதை அடையாளம் காணும் ஏற்பி என்ற புரதத்தில் போய் உட்கார்ந்தால் மூளைக்குச் செய்தி போகும். இந்த ஏற்பிகளுக்கான மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்டு ஆக்சல் இருவரும் 1991இல் கண்டுபிடித்தார்கள், 2004இல் நோபல் வந்தது. மனிதனுக்கு வேலை செய்யும் ஏற்பி மரபணுக்கள் சுமார் 400. சீனத்து மென்னோட்டு ஆமையின் மரபணுத் தொகுதியை 2013இல் வெளியிட்டபோது அதில் ஆயிரத்துக்கும் மேல் இருந்தன!

"ஆமை மூக்கை ஆராய்ந்து என்ன ஆகப்போகிறது, இதற்கெல்லாம் பணமா?" என்று கேட்பவர்கள் உண்டு. காரைக்குடிப் பக்கத்தில் அந்தக் கேள்வி எடுபடக் கூடாது. மின்சாரத்துக்கும் வேதிவினைக்கும் உள்ள உறவைப் படிக்கும் மின்வேதியியல் என்ற பெயரே பலர் காதில் விழாத காலத்தில், அதற்குக் காரைக்குடியில் ஓர் ஆய்வகம் வர வேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். என்ன லாபம் என்று அன்றைக்கே கணக்குக் கேட்டிருந்தால் அந்த இடம் இன்னும் பொட்டலாகவே கிடந்திருக்கும்.

சரி, வெள்ளரிக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். முழு வெள்ளரிக்காயை மோந்து பாருங்கள், பெரிதாக வாசனை இருக்காது. நறுக்கிய நொடியில் குப்பென்று வரும். அந்த வாசனை காய்க்குள் தயாராக இருந்ததல்ல, கத்தி பட்ட பிறகு உண்டாவது. செல்கள் உடைந்ததும் அதுவரை தனித்தனியாக இருந்த கொழுப்பு அமிலமும் நொதியும் கலந்துவிடுகின்றன. அந்தக் கொழுப்பு அமிலங்களில் ஒன்றான லினோலெனிக் அமிலம் 18 கார்பன் அணுக்கள் கொண்ட சங்கிலி. வெள்ளரியின் நொதிகள் அதைச் சரிபாதியாக, 9க்கு 9 என்று வெட்டுகின்றன. அதில் ஒரு துண்டுதான் வெள்ளரி வாசனை. புல்லை அறுத்தாலும் இதே அமிலம்தான் வெட்டுப்படுகிறது. ஆனால் வெட்டு வேறு இடத்தில் விழுகிறது: 6, 12. அந்த 6 கார்பன் துண்டுதான் அறுத்த புல்லின் பச்சை வாசனை. மூலப்பொருள் ஒன்று, வெட்டும் இடம் மூன்று கார்பன் தள்ளிப்போனது, அவ்வளவுதான். ஒன்றுக்கு ஆமை ஓடி வருகிறது, இன்னொன்றுக்கு முகத்தைத் திருப்புகிறது.

இந்தப் பாகுபாட்டில் முதலில் தின்றதற்குப் பெரிய பங்கு இருக்கலாம். 1966இல் பர்க்ஹார்ட், ஹெஸ் என்ற இருவர் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முட்டையிலிருந்து வந்த கடிக்கும் ஆமைக் குஞ்சுகளுக்கு ஆரம்ப நாட்களில் இறைச்சி, மீன், புழு என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒன்றை மட்டும் கொடுத்தார்கள். பிறகு உணவை மாற்றிப் பழக்கினாலும், தேர்ந்தெடுக்க விட்டபோது முதலில் தின்றதையே குஞ்சுகள் நாடின. அது நீரில் வாழும் வேறு இனம். ஆனாலும் சென்னை மாடியில் குஞ்சாக வெள்ளரி தின்று வளர்ந்த ஆமைக்குப் புல் என்பது தரையில் கிடக்கும் ஏதோ ஒன்று என்று தோன்றினால் ஆச்சரியமில்லை.

ஆகவே மூக்கைச் சமாதானப்படுத்த வேண்டும். அருகம்புல்லைக் கழுவி மிகப் பொடியாக நறுக்குங்கள். வெள்ளரியைத் துருவி, வடியும் தண்ணீரோடு அதில் போட்டுப் பிசையுங்கள். ஆமைக்குப் பல் கிடையாது, அலகுதான். பொடியாகக் கலந்ததை அதனால் பிரித்தெடுக்க முடியாது. முதலில் வெள்ளரி பெரும்பங்கு, புல் ஒரு சிட்டிகை. தின்னத் தின்னப் புல்லைக் கூட்டி வெள்ளரியைக் குறையுங்கள். தக்காளியை உடனே நிறுத்திவிடலாம்.

வாரக்கணக்கில் ஆகும், அவசரப்பட வேண்டாம். வயிற்றுக்கும் அந்த நேரம் தேவை. புல்லின் நாரை ஆமையால் செரிக்க முடியாது, அதன் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள்தான் நொதிக்க வைத்துச் சத்தாக்கித் தருகின்றன. தண்ணீர்க் காய்க்குப் பழகிய நுண்ணுயிர்க் கூட்டம் ஒரே நாளில் புல்லுக்கு மாறிவிடாது.

அப்புறம், இடம். ஆச்சி வீட்டு ஆமை இருப்பது ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாலைக் கூடத்தில். செட்டிநாட்டு வீடே வெயிலை உள்ளே விடாமல் குளிர்ச்சியாக இருக்கக் கட்டியது. நமக்குச் சுகம். ஆமைக்கு உடம்பு நன்றாகச் சூடேறினால்தான் சரியாகப் பசி எடுக்கும், குடலிலும் வேலை நடக்கும். வழுவழுத் தரையில் காலும் வழுக்கும். காலையில் வளவு முற்றத்து வெயிலில் விடுங்கள், ஒதுங்க நிழலும் இருக்கட்டும். உடம்பு சூடேறிய பிறகு தட்டை வையுங்கள். எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி3யும் அந்த வெயிலில்தான் கிடைக்கும், கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில் கிடைக்காது. முற்றத்து ஓரத்தில் அரளி இருந்தால் மட்டும் எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள், அது விஷம். வெயிலில் விட்டும் சாப்பிடாமல், மூக்கு ஒழுகினாலோ கண் வீங்கினாலோ அது அடம் இல்லை, நோய். டாக்டரிடம் கொண்டு போங்கள்.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று எதிர்வீட்டில் சொல்வதாகவும் ஆச்சி எழுதியிருந்தார். அதே தெருவில் யார் வீட்டிலாவது கூடத்தில் தண்ணீர்த் தட்டும் அதில் ஓர் உலோக ஆமையும் இருக்கும், அதிர்ஷ்டத்துக்காம். உயிருள்ளது தரித்திரம், உலோகம் என்றால் லட்சுமி. இந்த அதிர்ஷ்டப் பைத்தியத்தில் காட்டிலிருந்து நட்சத்திர ஆமைகளையும் பிடித்து விற்கிறார்கள், எனக்கு ஆத்திரம் வருவது அதற்குத்தான்.

சப்பாத்திக்கள்ளி கொடுக்கலாமா என்பது கடைசிக் கேள்வி. தாராளமாக. கால்சியம் நிறைந்தது, நம் வறண்ட பூமியில் காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம். பெரிய முள்ளைவிடக் கண்ணுக்குத் தெரியாத சுனைமுள்தான் ஆபத்து, தணலில் எல்லாப் பக்கமும் வாட்டி, துடைத்து, நறுக்கிப் போடுங்கள். முதல் சில தடவை அதற்கும் வெள்ளரித் தண்ணீர் தடவ வேண்டியிருக்கும்.