அனிமேஷன்: சொல்லின் வேரும் அசைவூட்டம் என்னும் தமிழும்

பழைய திரைப்படங்களுக்கென்றே நடத்தப்படும் தொலைக்காட்சி அலைவரிசைகளில், 1910களையும் 1920களையும் சேர்ந்த வரைபடக் குறும்படங்கள் அத்திபூத்தாற்போல் காட்டப்படுவதுண்டு. அமெரிக்காவில் 1994 முதல் ஒளிபரப்பாகும் டர்னர் கிளாசிக் மூவீஸ் 2012இல் ஓரிரவையே இத்தகைய அரிய படங்களுக்கு ஒதுக்கியது. இவற்றைப் பற்றித் தமிழில் எழுதுவோர் அனிமேஷன், கார்ட்டூன், கேலிச்சித்திரம், இயங்குபடம், உயிரூட்டம், அசைவூட்டம் என்று கைக்கு வந்த சொல்லை எடுத்தாள்கின்றனர். ஆனால் இச்சொற்கள் ஒரே பொருளைக் குறிப்பவை அல்ல.

அனிமேஷன் என்பதன் வேர் இலத்தீன் மொழியின் ‘அனிமா’ ஆகும். மூச்சு என்பது அதன் முதற்பொருள். மூச்சுள்ளது எதுவோ அதுவே உயிருள்ளது என்பதால் உயிர் என்பது அடுத்த பொருளாயிற்று. அதிலிருந்து பிறந்த ‘அனிமாரே’ என்னும் வினை, உயிர் கொடுத்தலைக் குறித்தது. விலங்கைக் குறிக்கும் ‘அனிமல்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் இதே குடும்பத்தது. வடமொழியில் மூச்சுவிடுதலைக் குறிக்கும் ‘அன்’ என்னும் வேரும் இதற்கு உறவுடையது; தமிழில் வழங்கும் பிராணன், நிகண்டுகள் காற்றுக்குப் பெயராகத் தரும் அனிலம் ஆகிய இரண்டும் அவ்வேரின் வழி வந்தவை. ஆங்கிலத்தில் அனிமேஷன் நெடுங்காலம் உயிர்ப்பு, உற்சாகம், சுறுசுறுப்பு என்னும் பொருள்களிலேயே வழங்கிற்று. படக்கலையைக் குறிக்கும் பொருள் அதற்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஏறியது.

ஆகவே கலை முந்தியது, பெயர் பிந்தியது. பிரெஞ்சுக் கண்டுபிடிப்பாளர் எமில் ரெய்னோ 1892இல் பாரிசில் நீண்ட சுருளில் படம் படமாகத் தீட்டித் திரையில் ஓட்டிக் காட்டியபோது, அவற்றை ஒளிரும் ஊமைக்கூத்துகள் என்று பொருள்படும் பெயரால் அழைத்தார். பிரெஞ்சு ஓவியர் எமில் கோல் 1908இல் ஏறத்தாழ 700 வரைபடங்களைக் கொண்டு ‘ஃபாண்டாஸ்மகோரி’ என்னும் படத்தை ஆக்கினார். வெள்ளைத் தாளில் கறுப்புக் கோட்டால் வரைந்து, படச்சுருளை எதிர்மறையாக அச்சிட்டமையால், கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதியது போன்ற தோற்றம் அதற்கு வாய்த்தது. ஒன்றிரண்டு நிமிடங்களில் முடிந்துவிடும் அப்படத்தில் ஓர் உருவம் இன்னொன்றாக உருகி மாறிக்கொண்டே இருக்கும்.

இந்தச் சொல்லின் வேர்ப்பொருளைக் கண்ணால் காண விரும்புவோர், அமெரிக்க ஓவியர் வின்சர் மெக்கே 1914இல் ஆக்கிய ‘ஜெர்ட்டி த டைனோசர்’ படத்தைப் பார்க்க வேண்டும். ஜெர்ட்டி வெறுமனே நகரும் உருவம் அன்று. ஏவியதைச் செய்ய மறுக்கிறது, திட்டினால் அழுகிறது, ஏரி நீரைக் குடித்துத் தீர்க்கிறது. எதுவும் செய்யாமல் படுத்திருக்கும்போதும் அதன் வயிறு ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்துக்கு எத்தனை படங்கள் தேவை என்பதை அறிய, மெக்கே தம் மூச்சு உள்ளே போய் வெளியே வரும் நேரத்தை அளந்து பார்த்தார் என்பது அனிமேஷன் வரலாற்றில் நன்கறியப்பட்ட செய்தியாகும். அனிமா என்றால் மூச்சு என்பதை எண்ணி அவர் அவ்வாறு செய்திருக்க வேண்டிய தேவையில்லை. எனினும் அச்சொல்லுக்கு இதனினும் சிறந்த உரை எழுதப்படவில்லை என்றே கூறத் தோன்றுகிறது. தமிழிலும் உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல், உயிர்ப்பு என்றால் மூச்சு. பெருமூச்சை நெட்டுயிர்ப்பு என்கிறோம்.

அங்ஙனமாயின் உயிரூட்டம் என்பதே நேரான தமிழ் ஆகாதா என்று கேட்கலாம். வேர்ப்பொருளை மட்டும் நோக்கினால் ஆகும். ஆனால் கலைச்சொல் அது குறிக்கும் பரப்பு முழுவதையும் தாங்க வேண்டும். வானிலை அறிக்கையில் நகரும் அம்புக்குறியும், நிகழ்ச்சித் தலைப்பில் சுழன்று வரும் எழுத்தும் அனிமேஷனே. அவற்றுக்கு உயிர் ஊட்டப்பட்டதாக எவரும் கருதுவதில்லை. ஆகவே உயிரூட்டம் என்பதை ஜெர்ட்டி போன்ற பாத்திரங்களை நடிக்கவைக்கும் தனித்திறனுக்கு ஒதுக்குவதே தக்கது.

கார்ட்டூன் என்னும் சொல்லின் வரலாறு முற்றிலும் வேறு. இத்தாலிய மொழியின் ‘கார்த்தோனே’, தடித்த தாளைக் குறிப்பது. சுவரோவியம் தீட்டவோ திரைச்சீலை நெய்யவோ முன்மாதிரியாக, முழு அளவில் தாளில் வரையப்பட்ட படத்துக்கு அத்தாளின் பெயரே ஆகிவந்தது. நம் இலக்கணத்தார் இதனை ஆகுபெயர் என்பர். வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்துத் திரைச்சீலைகளுக்காக ஓவியர் ரஃபேல் வரைந்தவை இன்றும் ரஃபேல் கார்ட்டூன்கள் என்றே வழங்கப்படுகின்றன. 1843இல் இலண்டனில், புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் சுவரோவியங்களுக்கான முன்வரைவுகள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, ‘பஞ்ச்’ என்னும் நையாண்டி இதழ் அதனைக் கிண்டல் செய்து தன் நையாண்டிப் படங்களுக்கும் கார்ட்டூன் என்று பெயரிட்டது. அன்று முதல் அச்சொல் இதழ்களின் கேலிப்படத்துக்கு உரியதாகி, அங்கிருந்து திரையில் அசையும் கேலிப்படத்துக்கும் பரவியது. தமிழில் கேலிச்சித்திரம், கருத்துப்படம் என்பன இதழ்ப் படத்துக்கே பொருந்தும். ஜெர்மானியக் கலைஞர் லோட்டே ரைனிகர் கரிய அட்டையில் வெட்டிய நிழலுருவங்களைக் கொண்டு 1926இல் வெளியிட்ட ‘இளவரசர் அக்மத்’ முழுநீளப் படத்தில் கேலிக்கு இடமில்லை. அதனைக் கேலிச்சித்திரம் என்பது பிழையாகும்.

இயங்குபடம் என்பது பார்வைக்கு நல்ல சொல்லாகவே தோன்றுகிறது. ஆனால் இயங்குதல் தானே செல்வதைக் குறிக்கும் தன்வினை. உரையாசிரியர்கள் உயிர்களை இயங்குதிணை, நிலைத்திணை எனப் பிரித்தது இப்பொருளில்தான். வரைபடம் தானே இயங்குவதன்று. மேலும், நடிகர்களைக் கொண்டு எடுத்த படமும் இயங்குபடமே ஆகையால், வேறுபடுத்திக் காட்டும் ஆற்றல் இச்சொல்லுக்கு இல்லை. சலனப்படம் என்பதற்கும் இதே குறை உண்டு.

பழந்தமிழில் இக்கருத்துக்கு மிக அண்மையில் வருவது குறளின் ஒரு தொடர். ‘நாணகத் தில்லார் இயக்கம் மரப்பாவை நாணால் உயிர்மருட்டி யற்று’ என்னுமிடத்து, கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவை உயிருள்ளது போல் மயக்குவதை வள்ளுவர் ‘உயிர்மருட்டல்’ என்கிறார். செயலின் தன்மையை இத்துணைச் சுருக்கமாகச் சொன்ன வேறொரு தொடரை நான் அறியேன். ஆயினும் மருட்டல் என்பதில் இன்று அச்சுறுத்தற்பொருள் மேலோங்கிவிட்டதால், அதைக் கலைச்சொல்லாக்கினால் பேய்ப்படம் என்று எண்ணிக்கொள்வார்கள்.

எஞ்சுவது அசைவூட்டம். இதன் வலிமை ‘ஊட்டு’ என்னும் உறுப்பில் இருக்கிறது. உண் என்பதன் பிறவினையான அது, இல்லாத ஒன்றை வெளியிலிருந்து ஒருவர் சேர்ப்பதைக் குறிக்கும். பாதத்துக்குச் செம்பஞ்சு ஊட்டுதல் என்னும் வழக்கும், துணிக்கு வண்ணமூட்டுதல் என்பதும் இவ்வகையின. அனிமாரே என்பதும் இதுபோல் பிறிதொன்றுக்குக் கொடுத்தலையே குறிக்கும் வினையாதலால், உயிர் என்பது அசைவு என மாறினாலும் சொல்லின் அமைப்பு காக்கப்படுகிறது. சிலர் எழுதும் ‘அசைப்படம்’ சுருக்கமானதே; ஆனால் அசை என்றதும் நேரசையும் நிரையசையும், போதாக்குறைக்கு மாடு போடும் அசையும் நினைவுக்கு வருகின்றன.

அசைவு ஊட்டப்படுவதே அன்றிப் படத்தில் இருப்பதன்று என்பதற்குத் தொலைக்காட்சியே சான்று. பேசாப் படங்கள் பெரும்பாலும் நொடிக்கு 24 பிரேமுக்கு, அதாவது 24 தனிப்படங்களுக்கு, குறைந்த வேகத்தில் ஓட்டப்பட்டவை. பேசும் படத்துக்கு 24 என்று நிலைப்பட்டது. பழைய படத்தை ஈடுசெய்யாமல் 24 பிரேம் வேகத்தில் ஓட்டினாலோ, நொடிக்கு 25 பிரேம் கொண்ட ஒளிபரப்பு முறையில் காட்டினாலோ, ஒரு கோடும் மாறாமலேயே நடை ஓட்டமாகிவிடுகிறது. ஜெர்ட்டியின் மூச்சும் அப்போது இரைப்பாகிவிடும். வேண்டாத அசைவு சேர்வதும் உண்டு. ஒளிபுகும் செல்லுலாய்டுத் தகட்டில் உருவத்தைத் தனியே வரையும் முறைக்கு அமெரிக்கரான எர்ல் ஹர்டு 1914இன் இறுதியில்தான் காப்புரிமை கோரினார். அதற்கு முன் வந்த ஜெர்ட்டியில் பாறையும் மரமும் ஒவ்வொரு தாளிலும் மீண்டும் மீண்டும் படியெடுத்து வரையப்பட்டன. படியெடுப்பில் நேர்ந்த மயிரிழை வேறுபாடுகளால் அசையாப் பாறையும் திரையில் மெல்ல நடுங்குகிறது. இது மெக்கே ஊட்டிய அசைவு அன்று என்பதால், அசைவூட்டம் என்னும் சொல் இதனை விலக்கி நிற்பது பொருத்தமே.

கிளைச்சொற்களும் எளிதில் அமைகின்றன. கலை அசைவூட்டம், அதனைச் செய்பவர் அசைவூட்டுநர், ஆக்கம் அசைவூட்டப் படம். கடைசிச் சொல்லை இடம்விட்டு எழுதுவது நல்லது. சேர்த்து எழுதினால், ‘ஊட்டப்படும்’ என்னும் செயப்பாட்டு வினையோ எனக் கண் ஒரு கணம் தடுமாறும்.