துக்கத்துக்குப் பின் ஓட்டம்: மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

நெருங்கிய ஒருவரை இழந்து, ஓடுவதை விட்டுப் பல வாரம் ஆனவர் மறுபடி காலணியை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். முன்பு பேசிக்கொண்டே ஓடிய வேகம்தான். இப்போது 400 மீட்டர் தாண்டுவதற்குள் மூச்சு வாங்குகிறது, கால் கனக்கிறது. இனி நம்மால் ஆகாது என்று பலர் அந்த இடத்திலேயே திரும்பிவிடுகிறார்கள். அது தேவையே இல்லாத முடிவு. பயிற்சி விட்டதால் வந்த இறக்கமும், துக்கம் உடம்புக்குள் செய்யும் வேலையும் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. பிரித்துப் பார்த்தால் இரண்டுக்கும் வழி உண்டு.

முதலில் பயிற்சி இழப்பு. ஓட்டத்தை நிறுத்திய சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குறையத் தொடங்கும். இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தம் குறையும்; ஈடுகட்டத் துடிப்பு கூடும். 1984இல் உடற்பயிற்சி ஆய்வாளர் எட்வர்ட் காயில் குழுவினர், நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள் பயிற்சியை நிறுத்தியபின் என்ன ஆகிறார்கள் என்று அளந்தார்கள். உடலால் பயன்படுத்த முடிந்த உச்ச ஆக்சிஜன் அளவு மூன்று வாரத்துக்குள் 7 சதவீதமும், எட்டு வாரத்தில் 16 சதவீதமும் சரிந்தது. அதன்பின் சரிவு நின்றுவிட்டது. அதாவது, நெடுநாள் ஓடியவர் அடிமட்டம்வரை இறங்குவதில்லை.

துக்கத்தின் கணக்கு வேறு. இழப்புக்குப் பின் உடல் ஆபத்தை எதிர்கொள்ளும் நிலையிலேயே இருக்கிறது. அழுத்த ஹார்மோன்களான அட்ரினலினும் கார்டிசாலும் ஏறியிருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி வேகமாக அடிக்கும். தூக்கம் துண்டு துண்டாகப் போகும். நெருங்கியவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் வழக்கத்தைப் போல் சுமார் 21 மடங்கு என்று 2012இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. நாள் செல்லச் செல்ல அது இறங்கிவிடும். ஆனாலும் முதல் வாரங்களில் வேக ஓட்டம், மேடேற்றம் எதுவும் வேண்டாம், நடைதான் சரி. நெஞ்சில் அழுத்தம், மயக்கம், காரணமில்லாத படபடப்பு வந்தால் மனக்கஷ்டம் என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் போக வேண்டும். கடும் அதிர்ச்சியில் இதயத் தசையே தற்காலிகமாகத் தளர்ந்து உப்பும் 'டாகோட்சுபோ' என்ற நோய் உண்டு. அதன் அறிகுறிகள் மாரடைப்பைப் போலவே இருக்கும்.

காலையில் எழுந்து நிற்கும் முன் 30 விநாடி நாடி பிடித்து, எண்ணிக்கையை இரண்டால் பெருக்கிக் குறித்து வையுங்கள். ஒரு வாரத்தில் உங்கள் வழக்கமான எண் தெரிந்துவிடும். அதைவிட 8, 10 கூடுதலாக இருக்கும் நாளில் ஓட்டத்தை விட்டுவிட்டு நடக்கலாம்.

சரி, ஓடுவதால் என்ன கிடைக்கிறது? உடலே சுரக்கும் வலிநிவாரணியான எண்டார்ஃபின் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் இரத்தத்தில் சுரக்கும் எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் நுழையாது. எண்டார்ஃபின் வேலை செய்யும் இடங்களான ஓபியாய்டு ஏற்பிகளை மருந்தால் அடைத்துவிட்டு மனிதர்களை ஓடவைத்துப் பார்த்த 2021ஆம் ஆண்டு ஆய்விலும், ஓடி முடித்தபின் வரும் இதமும் பதற்றக் குறைவும் வரத்தான் செய்தன. இப்போது பார்வை, கஞ்சாவின் வேதிப்பொருளைப் போல் செயல்படும், உடலே உருவாக்கும் எண்டோகன்னபினாய்டுகள் பக்கம் திரும்பியிருக்கிறது. அவற்றில் ஒன்று ஆனந்தமைடு. 'ஆனந்தம்' என்ற சொல்லையே வைத்து 1992இல் பெயரிட்டார்கள். மிதமான ஓட்டத்தில் இது ஏறுகிறது; மெதுவான நடையில் அவ்வளவாக ஏறுவதில்லை. துக்கத்தில் இருப்பவருக்கு இது ஆனந்தமாகத் தெரியாது. அரை மணி நேரம் மார்புப் பாரம் சற்று இறங்கியதுபோல இருக்கும், அவ்வளவுதான். அந்த அரை மணி நேரம் பெரிய விஷயம்.

உளவியலாளர்கள் ஸ்ட்ரோபேயும் ஷுட்டும் 1999இல் முன்வைத்த விளக்கம் இங்கே பொருந்துகிறது: துக்கப்படுபவர் இழப்பை நோக்கியும் அன்றாட வாழ்வை நோக்கியும் மாறி மாறி ஊசலாடுகிறார், அந்த ஊசலாட்டம் இயல்பானது, தேவையானதும்கூட. ஓடும்போது ஒரே ஓட்டத்துக்குள் இரண்டும் நடப்பதுண்டு.

அதனால்தான் நடுவில் அழுகை வருகிறது. அப்போது உடம்பில் நடப்பதைத் தெரிந்துவைத்தால் பயம் வராது. காற்று நிறைய உள்ளே போகக் குரல்வளைத் திறப்பு விரிந்தே நிற்கப் பார்க்கும். எச்சில் விழுங்கும்போது அது மூட வேண்டும். இந்த இழுபறிதான் தொண்டை அடைப்பாகத் தெரிகிறது. உதரவிதானம் விட்டுவிட்டு இழுக்கும். மூச்சு விக்கி விக்கி வரும். அந்த நிலையிலும் ஓடினால் மூச்சு தேவைக்கு மேல் வேகமாகி, இரத்தத்தில் கரியமில வாயு அளவு இறங்கி, விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும், தலை சுற்றும். செய்ய வேண்டியது: ஓட்டத்தை நடையாக்குங்கள். முடியாவிட்டால் நின்று, முழங்கால்மேல் கை ஊன்றிக் குனியுங்கள். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல் இரண்டு மடங்கு நேரம் ஊதி விடுங்கள். ஏழெட்டு முறை செய்தால் போதும். பிறகு 2 நிமிடம் நடந்துவிட்டு, விருப்பமிருந்தால் தொடருங்கள்.

இனி, பலர் அடிபடும் இடத்துக்கு வருவோம். பிளாஸ்மா ஓரிரு வாரத்தில் மீண்டுவிடும், மூச்சு இலகுவாகும். எலும்புக்கும் தசைநாணுக்கும் அந்த அவசரம் கிடையாது. புதிய சுமை விழும்போது எலும்பு முதலில் பழைய பகுதியைக் கரைக்கிறது. அதற்கு இரண்டு மூன்று வாரம். புதிதாகக் கட்ட ஏறக்குறைய மூன்று மாதம். ஆகவே மூன்றாவது வாரத்திலிருந்து சில வாரங்கள் எலும்பு முன்பிருந்ததைவிடப் பலவீனமாக இருக்கும். மூச்சு திரும்பிய தெம்பில் தூரத்தைக் கூட்டுவதும் அதே நாட்களில்தான். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை தரையிலிருந்து திரும்பி வருகிறது. கணைக்காலில் உள்ளங்கை நீளத்துக்குப் பரவிய வலி என்றால் சுமையைக் குறைத்தால் போதும். ஒரே விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய வலி என்றால் ஓட்டத்தை நிறுத்திப் பரிசோதிக்க வேண்டும். எலும்பில் நுண்பிளவாக இருக்கலாம்.

வாரம் மூன்று நாள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு. 5 நிமிட நடையில் தொடங்கி, 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என்று எட்டு முறை, பிறகு 5 நிமிட நடை. இரண்டு வாரம் வலியில்லாமல் போனால் 2 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை ஆறு முறை. அடுத்து 3க்கு 1, பிறகு 5க்கு 1. நிற்காமல் 20 நிமிடம் ஓட எட்டு வாரம் ஆகட்டும். வேகத்துக்கு அளவுகோல் வாய்தான்: முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பழைய வேகத்தைக் காட்டும் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். காலடியைச் சற்றுக் குறுக்கி, நிமிடத்துக்கு வைக்கும் அடிகளின் எண்ணிக்கையை 5 சதவீதம் கூட்டினால் முழங்கால் தாங்கும் சுமை குறையும்.

பசியே எடுக்காத நாட்களில் வெறும் வயிற்றில் ஓடாதீர்கள். இரவு முழுக்கக் கல்லீரலின் சர்க்கரை இருப்பு கரைந்திருக்கும், பாதியில் கண் இருட்டும். ஒரு பழமாவது உள்ளே போகட்டும். தூக்கம் வர வேண்டும் என்று இரவில் உடலை அடித்துப் போடுமளவு ஓடுவதும் திருப்பித் தாக்கும். துடிப்பும் உடற்சூடும் ஏறியே இருப்பதால் தூக்கம் மேலும் தள்ளிப்போகும். வலிக்கட்டும் என்றே ஒருவர் ஓடுகிறார் என்றால், அருகிலிருப்பவர்கள் பேச்சுக் கொடுக்க வேண்டும். ஆறு மாதம் தாண்டியும் ஏக்கம் தணியாமல் அன்றாட வேலைகளையே முடக்கினால் அதை நீடித்த துக்கக் கோளாறாக உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியல் வகைப்படுத்துகிறது. அதற்கென்றே உளச்சிகிச்சை முறைகள் இருக்கின்றன. ஓட்டம் அதற்கு மாற்று ஆகாது.

பாதையையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். 3 கிலோமீட்டர் போய்த் திரும்பும் பாதையில் தொலைவில் மனம் உடைந்தால் அவ்வளவும் நடந்தே வர வேண்டும். வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டம் என்றால் எந்தச் சுற்றிலும் நிறுத்திக்கொள்ளலாம். இறந்தவரோடு சேர்ந்து ஓடிய பாதை இருந்தால், அங்கே முதல்முறை நடந்து போய் வாருங்கள். ஓடுவது அடுத்த முறை.