‘ஏலியன்: ஐசோலேஷன்’: அச்சம் உருவாகும் விதமும் அது தேயும் இடங்களும்

மருத்துவப் பிரிவின் நடைவழியில் பாதி விளக்குகள் அணைந்து கிடக்கின்றன. சுவரோரத்து இரும்பு அலமாரிக்குள் ஒளிந்திருக்கும் ஆட்டக்காரர், கதவிலுள்ள கீற்றுகளின் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார். நெடிய உடலும் நீண்ட வாலும் கொண்ட வேற்றுலக உயிரினம் அறைக்குள் நுழைந்து, கட்டில்களுக்கு நடுவே நடந்து, அலமாரியை நோக்கித் திரும்புகிறது. இப்போது அவர் பின்னுக்குச் சாய்ந்து மூச்சை அடக்க வேண்டும். நெடுநேரம் அடக்கினால் உடல்நிலை குறையத் தொடங்கும். அடக்காமல் விட்டால் அது கண்டுகொள்ளும். கிரியேட்டிவ் அசெம்பிளி உருவாக்கி 2014 அக்டோபரில் வெளியான, விண்வெளி நிலையம் ஒன்றில் நடக்கும் ‘ஏலியன்: ஐசோலேஷன்’ என்ற திகில் வீடியோ விளையாட்டின் முழு வலிமையும் இந்த அரை நிமிடத்தில் இருக்கிறது. இந்த அரை நிமிடத்தில் திடுக்கிட வைக்கும் எதுவும் நடப்பதில்லை.

திடுக்கிடுவதும் அஞ்சுவதும் உடலில் வெவ்வேறு விதமாக நிகழ்பவை. திடீரென உரத்த ஓசை எழுந்தால், சிந்தனைக்கு இடமே இல்லாமல், மூளைத்தண்டின் வழியே செல்லும் ஓர் அனிச்சைச் செயலாகக் கண்ணிமை மூடிக் கழுத்துத் தசைகள் இறுகிவிடும். அதே ஓசை மீண்டும் மீண்டும் ஒலித்தால் இந்த எதிர்வினை விரைவில் மங்கிவிடும். அச்சமோ இன்னும் நிகழாத ஒன்றை எதிர்பார்ப்பதால் உண்டாவது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 45 பேர் திரையில் தோன்றிய பாறைகளின் அடியில் பாம்பு இருக்குமா, இருக்காதா என்று கணிக்க வேண்டியிருந்தது. பாம்பு இருந்தால் கையில் வலியூட்டும் மின்னதிர்ச்சி தரப்பட்டது. அவர்களுடைய வியர்வையையும் கண்மணியின் விரிவையும் அளந்தபோது, அதிர்ச்சி உறுதியாக வரும் என்று தெரிந்த தருணங்களைவிட, வருவதற்கும் வராதிருப்பதற்கும் சம வாய்ப்பு இருந்த தருணங்களிலேயே மன அழுத்தம் மிகுதியாக இருந்தது. ‘சர்வைவல் ஹாரர்’ என்று அழைக்கப்படும் திகில் விளையாட்டுகளின் வடிவமைப்பு முழுவதற்கும் இந்த ஒரு முடிவே திறவுகோல் என்பது என் கருத்து. ஆட்டக்காரரை அந்தச் சம வாய்ப்புக்கு அருகிலேயே எவ்வளவு நேரம் வைத்திருக்க முடிகிறது என்பதை வைத்தே அத்தகைய விளையாட்டை எடைபோட வேண்டும்.

‘ஏலியன்: ஐசோலேஷன்’ இதற்காக இரண்டு அடுக்குகள் கொண்ட செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துகிறது. மேலடுக்கில் ஓர் ‘இயக்குநர்’ இருக்கிறது; ஆட்டக்காரர் எங்கிருக்கிறார், உயிரினம் எங்கிருக்கிறது என்ற இரண்டும் அதற்கு எப்போதும் தெரியும். கீழடுக்கில் இருக்கும் உயிரினத்துக்கு அந்த அறிவு இல்லை. தன் கண்ணுக்கும் காதுக்கும் எட்டியதை மட்டுமே கொண்டு அது தேட வேண்டும். ஆட்டக்காரர் இருக்கும் இடத்தைத் துல்லியமாகச் சொல்லாமல், ‘அந்தப் பக்கம் போய்ப் பார்’ என்ற அளவுக்கு மட்டும் இயக்குநர் அவ்வப்போது குறிப்புக் கொடுக்கும். உயிரினம் நெடுநேரம் ஆட்டக்காரரின் அருகிலேயே சுற்றினால் அழுத்தத்தைக் குறிக்கும் ஓர் உள்அளவு ஏறிக்கொண்டே போகும். அது உச்சத்தை எட்டியதும் உயிரினம் காற்றோட்டக் குழாய்களுக்குள் திருப்பி அனுப்பப்படும். ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் மூச்சுவிடும் இடைவெளி இப்படித்தான் வருகிறது. அவரோ தம் சாமர்த்தியத்தால் தப்பியதாக நம்புகிறார். அவ்வாறு நம்ப வைப்பதே இந்த அமைப்பின் பெருவெற்றி.

கையில் இருக்கும் மோஷன் டிராக்கரும் இதே கணக்கில்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அசையும் பொருளின் திசையையும் தொலைவையும் அது காட்டும். ஆனால் அந்தப் பொருள் அதே தளத்தில் நடக்கிறதா, தலைக்கு மேலிருக்கும் குழாயில் ஊர்கிறதா என்பதைச் சொல்லாது. அசையாமல் நிற்பது எதுவும் அதில் தெரியாது. கருவியை உயர்த்திப் பார்த்தால் எதிரே உள்ள காட்சி மங்கும். உயிரினம் மிக அருகில் இருந்தால் கருவியின் ஓசையே ஆட்டக்காரரைக் காட்டிக்கொடுத்துவிடும். தகவல் அறவே இல்லாத இருட்டைவிட, பாதித் தகவல் தரும் இந்தச் சிறு பச்சைத் திரை கூடுதல் அச்சத்தைத் தருகிறது. இந்த விளையாட்டிலேயே மிகச் சிறந்த கண்டுபிடிப்பு எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஆட்டத்தைச் சேமிக்கும் முறையும் இத்தகையதே. 1996இல் வந்த ‘ரெசிடென்ட் ஈவில்’, தட்டச்சுப் பொறியையும் எண்ணிக்கையில் குறைந்த மை நாடாக்களையும் கொண்டு சேமிப்பை ஓர் அரிய பொருளாக்கியது. இங்கே சுவரில் பொருத்தப்பட்ட நிலையத்தில் அட்டையைச் செருகி, விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும்வரை நின்றுகொண்டிருக்க வேண்டும். அதுவரை உலகம் உறைந்து நிற்பதில்லை. முதுகுக்குப் பின்னால் எதுவும் வரலாம்.

ஆனால் இந்தச் சேமிப்பு முறையிலிருந்தே விளையாட்டின் குறைகளும் தொடங்குகின்றன. ஆட்டக்காரர் இறந்தால் கடைசி நிலையத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். கால் மணி நேர உழைப்புகூட வீணாகலாம். முதல் இறப்பு நடுங்க வைக்கிறது. அதே நடைவழியை நான்காம் முறை கடக்கும்போது மிஞ்சுவது எரிச்சல் மட்டுமே, ஏனெனில் கதவுகளும் பொருள்களும் மனப்பாடமாகிவிட்டன, இறப்பின் விலையும் தெரிந்துவிட்டது. உயிரினம் ஒவ்வொரு முறையும் வேறு பாதையில் வருவதால் இந்தப் பழக்கப்படுதல் ஓரளவு தள்ளிப்போகிறது. எழுதிவைத்த பாதையில் மட்டுமே நடக்கும் எதிரி என்றால் இரண்டாம் முறையிலேயே சலித்திருக்கும். எனினும் முழுமையாகத் தடுக்க முடியவில்லை.

இயக்குநரின் குறிப்புகளுக்கும் ஒரு விலை உண்டு. பரந்து விரிந்த விண்வெளி நிலையத்தில் உயிரினம் எப்போதும் ஆட்டக்காரரின் அண்டையிலேயே திரிவதைச் சில மணி நேரத்தில் யாரும் கண்டுகொள்வார்கள். கண்ணுக்குத் தெரியாத கயிறு ஒன்று இருவரையும் கட்டியிருக்கிறது என்று புரிந்த பிறகு, வேட்டை விலங்கு என்ற உணர்வு குறைந்து, பின்னாலிருந்து இயங்கும் நிரலே தெரியத் தொடங்குகிறது.

நடுப்பகுதியில் கைக்கு வரும் தீயெறி கருவி சம வாய்ப்பை நேரடியாகவே குலைக்கிறது. துப்பாக்கிக்குப் பணியாத உயிரினம் தீயைக் கண்டால் பின்வாங்குகிறது. எரிபொருள் குறைவு என்பதும், திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் உயிரினம் தீக்கு அஞ்சுவதைக் குறைத்துக்கொள்ளும் என்பதும் நல்ல எதிர்நடவடிக்கைகள்தாம். ஆனால் ‘நிச்சயம் தப்பிக்க ஒரு வழி இருக்கிறது’ என்ற எண்ணம் ஒருமுறை தோன்றிவிட்டால் அலமாரிக்குள் மூச்சடக்கி நின்ற அந்தப் பதற்றம் திரும்புவதில்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை நீளம். அவசரமின்றி ஆடுபவருக்கு இது ஏறத்தாழ 20 மணி நேரம் பிடிக்கும். பாதியைக் கடந்த பிறகு உயிரினம் நெடுநேரம் காட்சியிலிருந்தே விலகி, அதன் இடத்தை மனித உருவ ரோபோக்கள் எடுத்துக்கொள்கின்றன. மெதுவாக, நேராக, ஒரே வேகத்தில் நடந்து வரும் அவை முதல் சந்திப்பில் அமைதியான குரலாலேயே உறைய வைக்கின்றன. அதன்பின் அவை எப்போது வரும், எத்தனை அடி தாங்கும், எந்தக் கதவோடு நின்றுவிடும் என்பதெல்லாம் கணக்காகிவிடுகிறது. பாறையின் அடியில் பாம்பு உண்டா, இல்லையா என்ற கேள்விக்கு அந்தப் பகுதி முழுவதும் விடை முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.